மரச் சீவல் இயந்திரம்

மரச் சீவல் இயந்திரம் என்பது வெட்டப்பட்ட கிளைகளையும் சிறு மரங்களையும் சுழலும் கத்திகளால் சீவி, சிறு துண்டுகளாக மாற்றும் இயந்திரம் ஆகும். பேச்சு வழக்கில் இது சிப்பர் என்றும் அழைக்கப்படுகிறது. பூங்காக்கள், சாலையோர மரங்கள், மின்கம்பித் தடங்கள், காடுகள், பண்ணை நிலங்கள் ஆகியவற்றைப் பராமரிப்பதில் இது பயன்படுகிறது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஊர்ப்புறங்களில் சில ஏக்கர் நிலம் வைத்திருப்போர், தானாக முளைத்துப் பெருகிய சிறு மரங்களை அகற்றுவதற்கு இவ்வியந்திரத்தைப் பரவலாகப் பயன்படுத்துகின்றனர்.

சிறு மரங்களை வெட்டுவது இவ்வேலையின் எளிய பகுதியே. வெட்டிய பின் குவியும் தழையையும் கிளைகளையும் என்ன செய்வது என்பதே பெரிய சிக்கல் ஆகும். எரித்தால் தீ பரவக்கூடும். குவித்து வைத்தால் உலர்ந்து காட்டுத்தீக்கு எரிபொருளாகும். வண்டியில் ஏற்றி அகற்றினால் பெரும்பாலும் காற்றையே ஏற்றிச் செல்ல நேரிடும். சீவல் இயந்திரம் இக்குவியலின் பருமனைப் பல மடங்கு குறைத்து, நிலத்திலேயே பயன்படும் பொருளாக மாற்றுகிறது. எனினும் வேலைக்குப் பொருந்தாத இயந்திரத்தை வாங்குவது பெரும் பண இழப்பாக முடியலாம். தவறாகக் கையாளும்போது உயிரையே பறிக்கக்கூடிய இயந்திரங்களுள் இதுவும் ஒன்று. எனவே இதன் அமைப்பையும் வரம்புகளையும் அறிந்து தேர்வு செய்வது இன்றியமையாதது.

வரலாறு

ஜெர்மனியின் மாஸ்புல் என்னும் ஊரைச் சேர்ந்த பீட்டர் யென்சன் 1884ஆம் ஆண்டில் முதல் மரச் சீவல் இயந்திரத்தை உருவாக்கியதாகக் கருதப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் வெர்மீர் (1948, அயோவா மாநிலம்), மோர்பார்க் (1957, மிச்சிகன் மாநிலம்), பேண்டிட் (1983, மிச்சிகன் மாநிலம்) ஆகிய நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. இவை பின்னாளில் மரப் பராமரிப்புத் தொழிலுக்கான பெரிய இயந்திரங்களின் முதன்மை உற்பத்தியாளர்களாக வளர்ந்தன. டிராக்டரில் இணைக்கும் சிறிய இயந்திரங்களும் வீட்டுத் தோட்டத்துக்கான மின் இயந்திரங்களும் பிற்காலத்தில் பரவலாயின.

இயங்கும் முறை

பெரும்பாலான மரச் சீவல் இயந்திரங்களில் பின்வரும் பகுதிகள் உள்ளன.

- ஊட்டுவாய்: கிளைகளை உள்ளே செலுத்தும் புனல் போன்ற வாய்.
- சுழல் பகுதி: கத்திகள் பொருத்தப்பட்ட கனமான எஃகு வட்டு அல்லது உருளை.
- நிலைக்கத்தி: சுழலும் கத்திக்கு எதிராக அசையாமல் நிற்கும் எஃகுப் பட்டை. கத்தரிக்கோலின் இரண்டாவது அலகு போன்றது.
- வெளியேற்றுக் குழல்: சீவல்களை வெளியே வீசும் குழல். இதனைத் திருப்பி, சீவல் விழும் திசையை மாற்றலாம்.

சுழலும் கத்தி ஒவ்வொரு முறை கடக்கும்போதும் மரத்திலிருந்து ஒரு சீவலை வெட்டுகிறது. சீவலின் நீளம், மரம் உள்ளே நகரும் வேகத்தையும் ஒரு நிமிடத்தில் நிகழும் வெட்டுகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, இரண்டு கத்திகள் கொண்ட வட்டு நிமிடத்துக்கு 540 முறை சுழன்றால் 1,080 வெட்டுகள் நிகழும். மரம் நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் ஊட்டப்பட்டால் சீவலின் நீளம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர் ஆகும். நான்கு கத்திகள் இருப்பின் அது பாதியாகக் குறையும்.

வட்டின் எடை வெறும் சுமையன்று. கிளை இல்லாத இடைவேளைகளில் இயந்திரத்தின் ஆற்றல் சுழலும் வட்டில் சேமிக்கப்பட்டு, தடித்த கிளை வரும்போது வெளிப்படுகிறது. இவ்வாறு சேமிக்கப்படும் ஆற்றல் சுழல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆகவே வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தால், எஞ்சும் ஆற்றல் ஒன்பதில் நான்கு பங்கு மட்டுமே. வேகம் குறையத் தொடங்கியதும் இயந்திரம் விரைவில் அடைத்து நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

வகைகள்

வட்டு வகை

எஃகு வட்டின் முகப்பில் இரண்டு முதல் நான்கு கத்திகள் பொருத்தப்பட்டிருக்கும். வட்டின் பின்புறம் உள்ள தகடுகள் விசிறி போல் இயங்கிச் சீவல்களை வெளியே வீசும். அமைப்பு எளியது. கத்திகளைக் கழற்றித் தீட்டுவதும் எளிது. சிறு நிலங்களுக்கான இயந்திரங்களில் பெரும்பான்மை இவ்வகையே. வட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல கத்தியின் வேகம் கூடுவதால், கிளை படும் இடத்தைப் பொறுத்து வெட்டும் வேகம் சற்று மாறுபடும்.

உருளை வகை

நீண்ட உருளையின் மேற்பரப்பில் கத்திகள் அமைந்திருக்கும். அகலம் முழுவதும் வெட்டும் வேகம் ஒன்றே. கவைகளும் படர்ந்த கிளைகளும் கொண்ட மரங்களை விரைந்து விழுங்க வல்லது. மரப் பராமரிப்பு நிறுவனங்களின் பெரிய இயந்திரங்கள் பலவும் இவ்வகையைச் சார்ந்தவை. விலையும் எடையும் மிகுதி.

திருகு வகை

கூம்பு வடிவத் திருகின் விளிம்பே கத்தியாகச் செயல்படுகிறது. திருகு சுழலும்போது மரம் தானாகவே உள்ளிழுக்கப்படும். சீவல்கள் ஒரே அளவாக வருவதால் எரிபொருளுக்கு ஏற்றது. ஆனால் திருகைத் தீட்டுவது கடினம்.

தழை நொறுக்கி

ஆடும் சுத்தியல்கள் இலை, தழை, மெல்லிய சுள்ளி ஆகியவற்றை அடித்து நொறுக்கும் கருவி இது. மட்கு உரம் தயாரிக்க ஏற்றது. மரத்தைச் சீவ ஏற்றதன்று. தோட்ட இயந்திரங்கள் சிலவற்றில் நொறுக்கியும் சீவியும் இணைந்தே வருகின்றன. இவற்றில் மேலே உள்ள பெரிய வாய் தழைக்கு உரியது என்பதையும், பக்கவாட்டில் உள்ள சிறு குழாயே கிளைக்கு உரியது என்பதையும் வாங்குவோர் கவனிக்க வேண்டும்.

ஆற்றல் மூலங்கள்

மின்னோடி: அமைதியானது, விலை குறைந்தது. வட அமெரிக்காவின் 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பில் 1.8 கிலோவாட்டுக்கு மேல் பெற இயலாது. 230 வோல்ட் வழங்கல் உள்ள நாடுகளில் இதைவிடச் சற்றுப் பெரிய இயந்திரங்கள் உண்டு. பெரும்பாலும் 4 செண்டிமீட்டர் தடிமன் வரையிலான கிளைகளுக்கே உகந்தது. மின் இணைப்பிலிருந்து வெகுதூரம் செல்ல இயலாது.

பெட்ரோல் எந்திரம்: பொதுவாக 5 முதல் 15 குதிரைத்திறன் வரையிலானவை வீட்டுப் பயன்பாட்டுக்குக் கிடைக்கின்றன. இரு சக்கரங்களில் கையால் நகர்த்தலாம். 5 முதல் 8 செண்டிமீட்டர் வரையிலான கிளைகளுக்குப் போதுமானது.

டிராக்டர்: டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டிலிருந்து ஆற்றல் பெறுவது. ரோட்டவேட்டரைச் சுழற்றுவதும் இதே தண்டுதான். நிமிடத்துக்கு 540 சுழற்சி என்பது இதன் பொதுவான வேகம். இயந்திரம் மும்முனை இணைப்பில் தூக்கிச் செல்லப்படும். தனி எந்திரம் இல்லாததால் பராமரிப்பு குறைவு. ஏற்கனவே டிராக்டர் வைத்திருப்போருக்குச் சிக்கனமான வழி இதுவே.

இழுவை வகை: தனி டீசல் அல்லது பெட்ரோல் எந்திரத்துடன் சக்கரங்களின் மேல் அமைந்து, வாகனத்தால் இழுத்துச் செல்லப்படுவது. 15 செண்டிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த மரங்களைக் கையாளும். ஐரோப்பாவில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுவண்டிகளுக்குத் தனித் தடுப்பு தேவைப்படுவதால், அவ்வெடைக்குள் அடங்கும் இயந்திரங்களும் தயாரிக்கப்படுகின்றன.

தேர்வின்போது கருதவேண்டியவை

தடிமன்

விளம்பரங்களில் முதன்மையாகக் காட்டப்படும் எண், இயந்திரம் ஏற்கும் மிகப்பெரிய தடிமன் ஆகும். இது உள்ளே நுழையும் அளவையே குறிக்கிறது; நாள் முழுதும் சீவக்கூடிய அளவை அன்று. வெட்டுப்பரப்பு விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்வதால், 10 செண்டிமீட்டர் தடித்த மரம் 5 செண்டிமீட்டர் மரத்தைப் போல் நான்கு மடங்கு பரப்பு கொண்டது. இயந்திரம் செய்ய வேண்டிய வேலையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் உயரும். எனவே நாள்தோறும் கையாளப்போகும் தடிமனைவிட ஒரு படி பெரிய இயந்திரத்தைத் தேர்வு செய்வது பொதுவான நடைமுறை. வழக்கமாக 5 செண்டிமீட்டர் கிளைகளைச் சீவுவோருக்கு 7.5 அல்லது 10 செண்டிமீட்டர் இயந்திரம் பொருந்தும்.

மறுபுறம், மிகத் தடித்த அடிமரங்களுக்காகவே பெரிய இயந்திரம் வாங்கத் தேவையில்லை. 10 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட அடிமரம் விறகாகவோ வேலிக் கம்பமாகவோ பயன்படும். அதனைச் சங்கிலி வாளால் அறுத்துத் தனியே எடுத்துவிட்டு, நுனியையும் கிளைகளையும் மட்டும் சீவினால் சிறிய இயந்திரமே போதும்.

ஊட்டுவாயின் அளவு

கிளைகள் நேரான குச்சிகளாக வருவதில்லை. 6 செண்டிமீட்டர் தடித்த தண்டிலிருந்து பக்கக் கிளை பிரியும் கவை 15 செண்டிமீட்டருக்கு மேல் அகன்றிருக்கலாம். உள்வாய் சதுரமாகவும் அகலமாகவும் இருப்பின் கவைகள் மடங்கி உள்ளே செல்லும். வட்டமான குறுகிய குழாயாயின் ஒவ்வொரு பக்கக் கிளையையும் அரிவாளாலோ கத்தரியாலோ களைய வேண்டியிருக்கும். சீவும் நேரத்தைவிடக் களையும் நேரம் மிகுவதே சிறிய இயந்திரங்களைப் பற்றிய பொதுவான குறை.

ஊட்டும் முறை

சிறிய இயந்திரங்களில் மரம் தன் எடையாலும் கத்தியின் இழுப்பாலும் உள்ளே செல்கிறது. கூர்மையான கத்தி தானாகவே இழுக்கும். மழுங்கிய கத்திக்குக் கையால் தள்ள வேண்டும்.

நீரியல் ஊட்டு உருளைகள் கொண்ட இயந்திரங்களில் பற்களுடைய உருளை மரத்தைக் கவ்விச் சீரான வேகத்தில் செலுத்துகிறது. உருளையை நிறுத்தவும் பின்னோக்கிச் சுழற்றவும் இயலும். மேம்பட்ட இயந்திரங்களில் எந்திரத்தின் வேகத்தை அளக்கும் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்கினால் ஊட்டுதல் தானாக நின்று, வேகம் மீண்டபின் தொடரும். கவை மிகுந்த மரங்களை நாள் முழுதும் சீவுவோருக்கு இதன் பயன் பெரிது. விலை கூடுவதும் எடை கூடுவதும் இதன் குறைகள்.

குதிரைத்திறன்

டிராக்டரின் விளம்பரக் குதிரைத்திறன் எந்திரத்தினுடையது. பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது அதைவிடக் குறைவு. இயந்திரத்துக்குத் தேவையான குதிரைத்திறனைத் தண்டில் கிடைக்கும் அளவுடன் ஒப்பிட வேண்டும். 10 செண்டிமீட்டர் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 20 குதிரைத்திறனும் 15 செண்டிமீட்டர் இயந்திரத்துக்கு 30 முதல் 40 வரையும் இருப்பது வசதியானது. சில இயந்திரங்களில் வட்டு தண்டுடன் நேரடியாக இணைந்து நிமிடத்துக்கு 540 முறை சுழலும். வேறு சிலவற்றில் பெல்ட் மூலம் வேகம் கூட்டப்படும். முன்னதில் பழுது குறைவு. பின்னதில் சீவல் நுண்மையாகவும் வீச்சு வலிமையாகவும் இருக்கும்.

மர இனமும் ஈரமும்

அன்று வெட்டிய பச்சை மரம் எளிதில் சீவப்படும். உலர்ந்து இறுகிய மரம் கத்தியை விரைவில் மழுக்கும். பைன், பாப்லர் போன்றவை மென்மையானவை. கறுப்பு லோகஸ்ட் போன்ற வன்மரங்களுக்கு அதே தடிமனிலும் கூடுதல் ஆற்றல் வேண்டும். ஊசியிலை மரங்களின் பிசின் கத்தியிலும் உருளையிலும் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தழை மிகுந்த மெல்லிய கிளைகளும் நார் உரியும் பட்டைகளும் வெளியேற்றுக் குழலை அடைக்கும். இவற்றுக்கு இடையிடையே ஓர் உலர்ந்த தடித்த கிளையை ஊட்டினால் குழல் துப்புரவாகும்.

பொதுவான ஒப்பீடு

- அரை ஏக்கர் தோட்டம், ஆண்டுக்கொரு முறை கவாத்து: மின்னோடி இயந்திரம் அல்லது வாடகை.
- ஓரிரு ஏக்கர், விரல் முதல் மணிக்கட்டுத் தடிமன் வரை: 8 முதல் 15 குதிரைத்திறன் பெட்ரோல் இயந்திரம்.
- சில ஏக்கர், டிராக்டர் உண்டு, ஆண்டுதோறும் வேலை உண்டு: டிராக்டரில் இணையும் 10 முதல் 15 செண்டிமீட்டர் இயந்திரம்.
- ஒரே முறை பெரிய அளவில் அகற்றுதல்: இழுவை இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தல் அல்லது ஒப்பந்தக்காரரை அமர்த்துதல்.

வாடகையும் சொந்த இயந்திரமும்

வாடகை இயந்திரம் பெரும்பாலும் பெரியதாகவும் நீரியல் ஊட்டுடனும் இருக்கும். ஒரு நாள் வாடகையின் முழுப்பயன், இயந்திரம் வருமுன்னரே மரங்கள் வெட்டப்பட்டு, அடிப்பகுதிகள் ஒரே திசையை நோக்க, வண்டி செல்லும் பாதையோரம் அடுக்கப்பட்டிருப்பதைப் பொறுத்தது. தாறுமாறாகக் குவிக்கப்பட்ட கிளைகளைப் பிரித்தெடுப்பதிலேயே பாதி நாள் கழிந்துவிடும்.

சொந்த இயந்திரத்தின் நன்மை, பருவத்துக்கேற்பச் சிறிது சிறிதாக வேலை செய்ய இயல்வதே. வெட்டிய வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மரங்கள் உள்ள நிலத்துக்கு இது முக்கியமானது. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குச் சென்று பரவிய பக்தார்ன் என்னும் குறுமரம் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். மாறாக, அமெரிக்கப் புல்வெளிகளில் பெருகும் கிழக்குச் செஞ்சீடர் மரத்தை, பச்சைக் கிளைகள் எதுவும் எஞ்சாதவாறு அடியோடு வெட்டினால் அது மீண்டும் துளிர்ப்பதில்லை. முன்னதற்குப் பல ஆண்டுத் தொடர் வேலையும் பின்னதற்கு ஒருமுறை பெருவேலையும் தேவை. அதற்கேற்பவே வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பது அமையும்.

சீவல் இயந்திரம் அடிக்கட்டையையோ வேரையோ அகற்றாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அதற்கெனத் தனி இயந்திரங்கள் உள்ளன.

பயன்படுத்திய இயந்திரத்தை வாங்குவோர் கத்திகளில் எஞ்சியுள்ள அகலம், நிலைக்கத்தியின் விளிம்பு, வட்டில் விரிசல், தாங்கிகளின் ஆட்டம், பாதுகாப்பு நிறுத்தத் தண்டு இயங்குகிறதா என்பன ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பாதுகாப்பு நிறுத்தம் கழற்றப்பட்ட இயந்திரத்தை விலை குறைவு என்பதற்காக வாங்குதல் கூடாது.

சீவல்களின் பயன்

மூடாக்கு: மரங்களைச் சுற்றி 5 முதல் 10 செண்டிமீட்டர் வரை பரப்பினால் களை குறையும், மண்ணின் ஈரம் காக்கப்படும். அடிமரத்தைத் தொடாமல் இடைவெளி விட வேண்டும். மரத்தில் கரிமம் மிகுந்தும் நைட்ரசன் குறைந்தும் இருப்பதால், சீவல்களை மண்ணுடன் கலந்தால் அவை மட்கும்போது மண்ணின் நைட்ரசனை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். மேற்பரப்பில் மட்டும் பரப்பினால் இவ்விளைவு மேல்மண்ணோடு நின்றுவிடும்.

பாதை: சேறாகும் நடைபாதைகளிலும் கால்நடைகள் நிற்கும் இடங்களிலும் பரப்பலாம்.

எரிபொருள்: பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராகும். எரிபொருளுக்கு எனில், வெட்டிய மரங்களைத் தழையுடன் ஒரு கோடைக்காலம் கிடத்தி உலரவிட்டுப் பின்னர் சீவுவர். இலைகள் தண்டின் நீரை வெளியேற்ற உதவுகின்றன.

பச்சைச் சீவல்களைப் பெருங்குவியலாக வைத்தால் நுண்ணுயிர்களின் செயலால் உள்ளே வெப்பம் ஏறும். மிகப் பெரிய குவியல்கள் தானாகத் தீப்பற்றியதும் உண்டு. ஆகவே குவியலைத் தாழ்வாகவும் கட்டடங்களிலிருந்து விலக்கியும் வைக்க வேண்டும்.

காட்டுத்தீயும் சீவல்களும்

மேற்கு அமெரிக்காவில் ஊர்ப்புற நிலங்களில் சிறு மரங்களை அகற்றுவதன் முதன்மை நோக்கம் காட்டுத்தீயிலிருந்து வீட்டைக் காப்பதாகும். 2018ஆம் ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்த கேம்ப் தீயில் 85 பேர் உயிரிழந்தனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. கலிபோர்னியாவில் தீ ஆபத்துப் பகுதிகளில் கட்டடத்தைச் சுற்றி 100 அடி வரை தாவரங்களைக் கட்டுப்படுத்துவது சட்டப்படி தேவையாகும். சுவரையொட்டிய முதல் 5 அடியைத் தனி வலயமாகக் கொள்ளும் சட்டம் 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

சீவுவதால் எரிபொருள் மறைந்துவிடுவதில்லை. நிற்கும் மரத்தில் ஏணி போல் உயரே ஏறக்கூடிய தீ, தரையில் பரப்பிய சீவலில் தாழ்வாகப் புகைந்து செல்லும் என்பதே வேறுபாடு. இதனால் வீட்டை ஒட்டிய 5 அடிக்குள் மரச்சீவலைப் பரப்புதல் தவறு. அங்கே சரளைக்கல் போன்ற எரியாத பொருளே ஏற்றது. கலிபோர்னியாவின் பல மாவட்டங்களில் தீப்பாதுகாப்பு மன்றங்கள், சாலையோரம் அடுக்கி வைக்கப்படும் கிளைகளைச் சீவித்தரும் சேவையை நடத்துகின்றன. இத்தகைய பகுதிகளில் இயந்திரம் வாங்காமலே வேலையை முடிக்க இயலும்.

பூச்சிகளும் நோயும்

2002ஆம் ஆண்டில் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதச் சாம்பல்மர வண்டு, ஆஷ் மரங்களைப் பெருமளவில் அழித்தது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் வாழ்பவை. எனவே குறைந்தது இரு பரிமாணங்களில் ஓர் அங்குலத்துக்கு மிகாமல் மரம் சீவப்பட வேண்டும் எனத் தடுப்பு விதிகள் கோரின. கூட்டாட்சி அரசின் தடுப்பு வலயம் 2021ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது.

பைன் மரங்களில் நிலைமை வேறு. இளவேனிலில் புதிதாகச் சீவிய பைன் மரத்தின் பிசின் மணம் பட்டைத்துளைப்பான் வண்டுகளை ஈர்த்து, அருகில் நிற்கும் நல்ல மரங்களையும் தாக்கச் செய்யும். வண்டுகள் பறக்கும் பருவம் முடிந்தபின் சீவுவதும், சீவல்களை நிற்கும் மரங்களின் அடியில் குவிக்காமல் இருப்பதும் நல்லது.

நச்சுப் படர்கொடி, நச்சு ஓக் ஆகிய செடிகள் சுற்றிய மரங்களைச் சீவுதல் கூடாது. அவற்றின் எண்ணெய் நுண்துளிகளாகக் காற்றில் பரவித் தோலையும் மூச்சுப்பாதையையும் கடுமையாகத் தாக்கும்.

பாதுகாப்பு

ஐக்கிய அமெரிக்காவில் 1992 முதல் 2002 வரை மரச் சீவல் இயந்திரங்களால் பணியிடங்களில் 31 பேர் உயிரிழந்தனர். இவ்வகை இறப்புகள் பெரும்பாலும் இரு வழிகளில் நிகழ்கின்றன. ஒன்று, ஊட்டுவாயினுள் இழுக்கப்படுதல். மற்றொன்று, சுழலும் வட்டின் மூடி திறந்து அல்லது உடைந்து வந்து தாக்குதல்.

முதல் வகை விபத்தில் தப்பிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் இழுக்கும் உருளை ஒரு நொடியில் 33 செண்டிமீட்டர் இழுக்கும். கையுறையோ சட்டைக் கையோ கிளையில் சிக்கினால், ஒரு கை நீளம் இரண்டு நொடிக்குள் உள்ளே சென்றுவிடும். அதிர்ச்சியிலிருந்து மீண்டு நிறுத்தத் தண்டைத் தேடுவதற்கு இந்நேரம் போதாது. எனவே பாதுகாப்பு, சிக்காமல் இருப்பதிலேயே உள்ளது. சிக்கியபின் தப்புவதில் இல்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை:

- ஊட்டுவாயின் நேரெதிரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று, அடிப்பகுதியை முதலில் செலுத்தி, உருளை கவ்வியதும் விலகிவிட வேண்டும்.
- குட்டையான துண்டுகளை நீண்ட கிளையாலோ மரத்துடுப்பாலோ தள்ள வேண்டும். கையையோ காலையோ ஒருபோதும் உள்ளே நீட்டக்கூடாது.
- தொளதொளப்பான உடை, துண்டு, நகை, அகன்ற மணிக்கட்டுப் பட்டை கொண்ட கையுறை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நீண்ட கூந்தலை முடிந்து மறைக்க வேண்டும்.
- மரமேறும் கயிற்றை இயந்திரத்தின் அருகே வைத்தல் கூடாது. கிளையுடன் உள்ளே செல்லும் கயிறு மறுமுனையில் உள்ளவரையும் இழுத்துவிடும்.
- எந்திரத்தை நிறுத்தியபின்னும் வட்டு நெடுநேரம் சுழலும். முற்றிலும் நின்றபின்னரே மூடியைத் திறக்க வேண்டும். அடைப்பு எடுக்கும்போது சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.
- டிராக்டரின் பி.டி.ஓ. தண்டுக்கு உறை இல்லாமல் இயக்குதல் கூடாது.
- கண்ணாடி, காதுக்காப்பு, தலைக்கவசம் அணிய வேண்டும். பெரிய இயந்திரங்களின் ஓசை 100 டெசிபலைத் தாண்டும்.
- தனியாக வேலை செய்தல் கூடாது. சிறுவர்களை அருகில் விடுதல் கூடாது.

ஐரோப்பாவில் ஈ.என். 13525 என்னும் தரம், காட்டு வேலைக்கான சீவல் இயந்திரங்களின் பாதுகாப்பு அமைப்புகளை வரையறுக்கிறது. உடல் பட்டவுடன் ஊட்டு உருளையை நிறுத்தும் பாதுகாப்புத் தண்டு ஊட்டுவாயின் விளிம்பில் இருப்பது, எவ்விலையிலும் விட்டுக்கொடுக்கக் கூடாத கூறாகும்.

பராமரிப்பு

கத்தி மழுங்கியதற்கான அறிகுறிகள்: சீவல் நார் நாராக வருதல், தூசி மிகுதல், மரம் தானாக உள்ளிழுக்கப்படாமை, ஓசையும் அதிர்வும் கூடுதல். மண்ணில் இழுத்து வரப்பட்ட கிளைகளின் மணலும், மரத்தில் புதைந்த ஆணியும் வேலிக்கம்பியும் கத்தியின் முதல் எதிரிகள். வேருடன் பிடுங்கிய மரத்தின் வேர்ப்பகுதியைச் சீவுதல் கூடாது.

பல இயந்திரங்களில் கத்தியின் இருபுறமும் விளிம்பு உண்டு. ஒன்று மழுங்கியதும் திருப்பிப் பொருத்தலாம். வட்டின் சமநிலை கெடாதிருக்க எல்லாக் கத்திகளையும் ஒரே அளவு தீட்டுவது கட்டாயம். தீட்டிய பின் நிலைக்கத்திக்கும் கத்திக்கும் உள்ள இடைவெளியை, கையேட்டில் கூறியவாறு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவில் சரிசெய்ய வேண்டும். கத்தியின் போல்ட்டுகளைக் குறிப்பிட்ட முறுக்குவிசையில் இறுக்க வேண்டும். தளர்ந்த கத்தி மூடியைப் பிளந்துகொண்டு வெளியேறக்கூடும். உதிரிக் கத்தி, பெல்ட், தாங்கி ஆகியவை அருகில் கிடைக்குமா என்பதை வாங்குமுன் விசாரிப்பது நன்று.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இவ்வியந்திரத்துக்குரிய வேலையாகச் சீமைக் கருவேல மரங்களை அகற்றுவதைக் குறிப்பிடலாம். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், வெட்டிய அடியிலிருந்து பல தண்டுகளாக மீண்டும் தழைப்பது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. தென்மாவட்டங்களில் இதன் தடித்த தண்டுகள் கரிமூட்டத்துக்கும் விறகுக்கும் விலைபோகின்றன. விலைபோகாத முட்கிளைகளே சீவலுக்கு ஏற்றவை. உயிர்த்திரள் மின் நிலையங்கள் சிலவும் இம்மரத்தை எரிபொருளாகப் பயன்படுத்தியுள்ளன. தண்டு வளைந்தும் முள் நிறைந்தும் இருப்பதால் அகன்ற ஊட்டுவாயும் நீரியல் ஊட்டும் கொண்ட இயந்திரம் தேவைப்படும். முட்கிளைகளைக் கையால் தள்ள நேரிடும் சிறிய இயந்திரங்கள் இதற்குப் பொருந்தா. விதை முற்றுமுன் வெட்டிச் சீவுவது நல்லது.

தென்னந்தோப்புகளில் மட்டைகளையும் ஓலைகளையும் துண்டாக்க டிராக்டரில் இயங்கும் இயந்திரங்கள் பயன்படுகின்றன. துண்டாக்கிய மட்டை தோப்பிலேயே மூடாக்காக இடப்படுகிறது. மட்டையின் நார் கத்தித் தண்டைச் சுற்றிக்கொள்வதால், மரத்துக்கென வடிவமைத்த இயந்திரத்தை இதற்கு வாங்குமுன் மட்டையை ஊட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பரவலர் பண்பாட்டில்

கோயன் சகோதரர்களின் பார்கோ (1996) என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் வழியாக மரச் சீவல் இயந்திரம் உலகெங்கும் பலருக்கு அறிமுகமானது. அப்படத்தில் பயன்படுத்தப்பட்ட இயந்திரம் வடக்கு டகோட்டாவின் பார்கோ நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

- மூடாக்கு
- சங்கிலி வாள்
- சீமைக் கருவேலம்
- காட்டுத்தீ
- உயிர்த்திரள்